ரூமுக்குள்ள ஹைட்ரோபோனிக்ஸ்: பைப் செட்டா, தொட்டியா?

பாளை_கீரை

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில வாடகை வீடு. வடக்கு ஜன்னல் வச்ச 8க்கு 6 அடி ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு. மொட்டை மாடியில எதையும் வைக்க ஓனர் விடமாட்டாங்க. நாலு பேருக்கு வாரம் ரெண்டு தடவை கீரை, கொஞ்சம் புதினா, பிள்ளைகளுக்கு லெட்டூஸ். இவ்வளவுதான் வேணும். மண்ணில்லாம உரத்தண்ணியில வளர்க்குத ஹைட்ரோபோனிக்ஸுக்கு, 36 துளை உள்ள என்.எஃப்.டி. பைப் செட் (பைப்புக்குள்ள மெல்லிசா தண்ணி ஓடுத முறை) ஒண்ணுக்கு விலை பேசியிருக்கேன். கார்ப்பரேஷன் தண்ணி, கரைஞ்ச உப்பை அளக்குத பேனா மீட்டர்ல 140 காட்டுது, போர் தண்ணி 900. பராமரிப்புன்னு மாசம் ஒருநாள் காலையில 9லிருந்து மதியம் 2 வரைக்கும் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் கிடையாது. அந்த செட்டை வாங்கலாமா?

வண்ணார்பேட்டை வேர்

தம்பி, அட்வான்ஸ் குடுக்கலைன்னா குடுக்காதீங்க. என்.எஃப்.டி.ல வேருக்கு அடியில ஓடுதது ரெண்டு மூணு மில்லிமீட்டர் தண்ணிதான். மோட்டார் நின்னா வேருகிட்ட கையிருப்புன்னு ஒண்ணும் கிடையாது. சித்திரை வெயில்ல அஞ்சு மணி நேரம் நின்னா லெட்டூஸ் தலை கவுந்துரும், அப்புறம் நிமிர்ந்தாலும் இலை பழைய மாதிரி வராது. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா, தண்ணி வெளியேறுத வாயைக் கொஞ்சம் தூக்கி மாட்டி, பைப்புக்குள்ள 2, 3 செ.மீ. தண்ணி எப்பவும் நிக்கும்படி வச்சுக்கிடுங்க.

உங்க நிலவரத்துக்குத் தொட்டி முறைதான், அதான் டி.டபிள்யூ.சி., வேர் ஆழமான உரத்தண்ணியில முங்கி நிக்குத முறை. வெளிச்சம் ஊடுருவாத 60க்கு 40 செ.மீ. பிளாஸ்டிக் கிரேட், உயரம் 22 செ.மீ.க்குக் குறையாம. 18 செ.மீ. தண்ணி நிரப்பினா 43 லிட்டர் பிடிக்கும். மேல 25 மி.மீ. தெர்மோகோல் மூடி, அதுல 2 இஞ்ச் நெட் பாட் (வேர் வெளிய வர ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் கப்பு) உக்காருத அளவுக்குத் துளை. புதினா, பாலக்குன்னா 15 செ.மீ. இடைவெளியில 8 துளை, லெட்டூஸுக்கு 20 செ.மீ. விட்டு 6 துளை. மீன் தொட்டிக்கு வைக்கிற 5 வாட் காத்து மோட்டார், கிரேட்டுக்கு ஒரு காத்துக்கல். மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேல வையுங்க, முடியலைன்னா டியூப்ல, ஒரு பக்கம் மட்டும் விடுத செக் வால்வு போடுங்க. இல்லாட்டி கரண்ட் போன உடனே தண்ணி டியூப் வழியா பின்னால ஏறி மோட்டாருக்குள்ள இறங்கிரும்.

நாத்துல வேர் சின்னதா இருக்கும்போது தண்ணி நெட் பாட்டோட அடியைத் தொடணும். வேர் இறங்கின பிறகு 3 செ.மீ. இடைவெளி விட்டுருங்க. அந்த இடைவெளியில தொங்குத வேர் நேரா காத்தை இழுத்துக்கும். அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லைன்னாலும் செடி தாக்குப்பிடிக்கிறதுக்கு அதுதான் காரணம்.

கொசு விஷயத்தை இந்த செட்டு விக்கிறவங்க யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. காலித் துளையையும் நெட் பாட் சுத்தி உள்ள இடுக்கையும் ஸ்பாஞ்ச் வச்சு அடைச்சிருங்க. டெங்கு கொசு பாக்க வாரவங்க கிரேட்ட திறந்து புழு இருந்தா கொட்டச் சொல்லிருவாங்க, அவங்க சொல்லுததும் நியாயம்தான்.

உப்புக்கணக்கு

தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 140 காட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர் இருக்கும்போது ஆர்.ஓ. தேவையில்லை. வாயைத் துணியால் கட்டிய டிரம்மில் பிடித்து, குளோரின் போக ஒரு இரவு விட்டுப் பயன்படுத்துங்கள். 900 காட்டும் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உரம் போடுவதற்கு முன்பே உப்பு நிறைந்துவிட்டது, அதில் எவ்வளவு சோடியம் என்று பேனா மீட்டர் சொல்லாது. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் எத்தனை முறை ஆசிட் விட்டாலும் பி.எச். (அமில-கார அளவு) மறுநாள் ஏறிவிடும்.

இலைச் செடிகளுக்கு 100 லிட்டருக்கான அளவு: கால்சியம் நைட்ரேட் 60 கிராம், 13:0:45 பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், 12 சதவீத இரும்பு ஈ.டி.டி.ஏ. (இரும்பைப் படியவிடாமல் பிடித்து வைக்கும் செலேட்) ஒன்றரை கிராம். இவற்றோடு செலேட் செய்த நுண்ணூட்டக் கலவையைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி சேருங்கள். மென்மையான தண்ணீரில் இது ஈ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 1.5 ஒட்டி நிற்கும். லெட்டூஸ் கிரேட்டில் தண்ணீர் ஊற்றி 1.2க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். புதினாவுக்கு 1.6 முதல் 1.8 வரை போகலாம்.

இந்த உரங்களை முதலில் அடர்த்தியாகக் கரைத்து, இரண்டு கேனாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். மற்றதில் மீதி எல்லாம். அடர்த்தியாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால் கால்சியம், பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெள்ளைக் கசடாக அடியில் படியும். படிந்தது செடிக்குக் கிடைக்காது. தொட்டித் தண்ணீரில் முதல் கேனை ஊற்றி, நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவதை ஊற்றுங்கள்.

மீட்டரில் ஒரு குழப்பம் உண்டு. சில பேனாக்கள் ஈ.சி. 1.0ஐ 500 என்று காட்டும், சில 700 என்று காட்டும். அதாவது 1.5 என்பது ஒன்றில் 750, இன்னொன்றில் 1050. எந்தக் கணக்கு என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து உரம் ஊற்றுவதில்தான் பாதிச் செடி கருகுகிறது. ஈ.சி.யை நேராகக் காட்டும் பேனாவாகப் பாருங்கள்.

டவுன்_தோட்டம்

மேல ரெண்டு அண்ணாச்சியும் வெளிச்சத்தைத் தொடவே இல்லையே. வடக்கு ஜன்னல் வெளிச்சம் நாத்து முளைக்கத்தான் ஆகும், கீரை வளர ஆகாது.

4க்கு 2 அடி அலமாரித் தட்டுல 60க்கு 40 கிரேட் சரியா மூணு நிக்கும். அந்தத் தட்டுக்கு 20 வாட், 2000 லூமன், 6500 கே வெள்ளை எல்.இ.டி. டியூப் ஆறு வேணும். இலைக்கு மேல 20லிருந்து 30 செ.மீ. உயரத்துல கட்டுங்க. ஊதா நிற விளக்குக்குக் காசைக் கொட்டாதீங்க. மொத்தம் 120 வாட், 14 மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 1.68 யூனிட். ரெண்டு மாச பில்லுல 100 யூனிட் கூடும்.

இப்ப விளைச்சலைப் பாருங்க. ஒரு கிரேட்ல ஒரு அறுப்புக்கு 300 கிராம் கீரை வந்தா நல்ல மகசூல். மூணு கிரேட்டும் சேர்ந்து மாசத்துக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட. நாலு பேருக்கு வாரம் ரெண்டு தடவைங்கிறது அதைப் போல ரெண்டரை மடங்கு. சிறுகீரையும் தண்டங்கீரையும் நல்ல வெயில் கேக்குத செடி வேற. அதை மார்க்கெட்ல கட்டு வாங்கிக்கிடுங்க. ரூமுக்குள்ள புதினா, பேசில், பாலக், லெட்டூஸ் போடுங்க, அதுலதான் கரண்டுக் காசுக்கு அர்த்தம் இருக்கு. புதினாவை மட்டும் தனிக் கிரேட்ல வையுங்க. வேர் பக்கத்துத் துளைக்கெல்லாம் ஓடி மத்ததை அமுக்கிரும்.

லெட்டூஸ் நம்ம ஊருல ஏசி இல்லாம கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான். மத்த மாசத்துல தண்டு விட்டுக் கசக்கும். தண்ணி 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில 7.5தான். சூடு கூடக் கூட வேரழுகலும் சேர்ந்து வரும், வேர் பழுப்பாகி வழுவழுன்னு நாறும். அதனால விளக்கை சாயங்காலம் 6 மணிக்குப் போட்டுக் காலையில 8க்கு அணையுங்க, பகல் சூட்டோட விளக்குச் சூடு சேராது. பங்குனி, சித்திரையில ஒரு லிட்டர் பாட்டில்ல உறைஞ்ச தண்ணியை மூடியோட கிரேட்டுக்குள்ள போடுங்க. 43 லிட்டர் ரெண்டரை டிகிரி இறங்கும், அதனால மதியம் ரெண்டு பாட்டில். ஒரு சின்ன ஃபேன் இலை அசையுத அளவுக்கு ஓடட்டும். காத்து இல்லாத ரூம்ல லெட்டூஸ் குருத்து நுனி கருகும். தண்ணியில கால்சியம் இருந்தும் இளம் இலைக்கு அது ஏறாததுதான் காரணம், கூட உரம் போட்டுச் சரியாகாது.

பாளை_கீரை

பைப் செட்டை விட்டுட்டேன். ரெண்டு சந்தேகம். வீட்டுல 19:19:19 ஒரு கிலோ இருக்கு, அதையே போடலாமா? தண்ணியை எத்தனை நாளைக்கு ஒருக்க மாத்தணும்?

உப்புக்கணக்கு

19:19:19 மண்ணுக்கு. அதில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தரும், தொட்டியில் அந்த வேலை சரியாக நடக்காது. கால்சியமும் இல்லை. பூந்தொட்டிகளுக்குப் போட்டுத் தீருங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மட்டம் குறைந்து ஈ.சி. ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் விடுங்கள். இரண்டும் குறைந்திருந்தால் பாதி அடர்த்திக் கரைசல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். பழைய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றலாம். பி.எச். 5.5 முதல் 6.5 வரை. 6.5 தாண்டினால் ஈ.டி.டி.ஏ. இரும்பு நிற்காது, குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அப்போது இரும்பைக் கூட்டாமல் முதலில் பி.எச்.ஐ இறக்குங்கள். அடி இலை மஞ்சளானால் அது நைட்ரஜன் அல்லது மெக்னீசியக் குறை.

இறக்குவதற்கு 10 சதவீத பாஸ்பாரிக் ஆசிட், ஒரு தடவைக்கு 1 மில்லி, கலக்கி அளந்து, பிறகு அடுத்தது. எலுமிச்சைச் சாறு இரண்டு நாள்கூட நிற்காது.

வண்ணார்பேட்டை வேர்

தென்னைநார்க் கழிவு இங்கன சும்மாவே கிடைக்குதுன்னு நேரா நெட் பாட்ல போட்டுராதீங்க தம்பி, அதுல உப்பு இருக்கும். நல்ல தண்ணியில மூணு தடவை அலசி, பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வச்சுப் பாருங்க. உங்க கார்ப்பரேஷன் தண்ணி காட்டுத 140க்குப் பக்கத்துல வந்த பிறகு நாத்து விடுங்க.