லாரன்ட்ஸ் நுண்ணோக்கியில் (பொருளின் காந்த அமைப்பைக் காட்டும் மின்னணு நுண்ணோக்கி) கண்டு, இன்னும் மனத்தை விட்டு அகலாத காட்சி எது?

வெண்புள்ளி:
இரும்பு-ஜெர்மானியம் மென்தகடு, திரவ நைட்ரஜனால் குளிரும் மாதிரித் தாங்கி, 260 கெல்வின். முதலில் காந்த அமைப்பு 70 நானோமீட்டர் இடைவெளியில் வரிவரியாகத் தெரிந்தது. தகட்டின் மேல் காந்தப்புலம் ஏற, பொருளருகு வில்லையின் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். வரிகள் அறுந்து, ஸ்கிர்மியான்கள் என்ற நுண் காந்தச் சுழிகள் அறுகோண ஒழுங்கில் வந்து அமர்ந்தன. அதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

தகட்டைச் சற்று நகர்த்தினேன். ஒரு கோட்டுக்கு இடப்பக்கம் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள், வலப்பக்கம் எல்லாம் கருப்பு! ஒரே புலம், ஒரே குவிய விலக்கம் (சரிகுவியத்திலிருந்து விலகிய அளவு). இடஞ்சுழிப் படிகமும் வலஞ்சுழிப் படிகமும் ஒட்டி வளர்ந்திருக்க, காந்தச் சுழியும் அதற்கேற்பத் திசை மாறியிருக்கிறது. குவியத்தின் மறுபக்கம் போய் இன்னொரு படம் எடுப்பதற்குள் நைட்ரஜன் தீர்ந்து காட்சி நழுவத் தொடங்கியது. மறுநாள் தகடு உடைந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளாக அந்த ஒற்றைப் படத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

கோபால்ட்காரி:
உங்களுக்கு ஒரு படமாவது மிஞ்சியது. முன்பு வேலை செய்தவர் பொருளருகு வில்லையை அணைக்காமல் போயிருந்தார். நான் பார்க்காமல் கோபால்ட் பட்டையை உள்ளே செலுத்திவிட்டேன். அங்கே ஏறத்தாழ 2 டெஸ்லா காந்தப்புலம். அணைத்துவிட்டுப் பார்த்தால் களச்சுவர்கள் (காந்தத் திசை மாறும் எல்லைகள்) இருந்தன, ஆனால் நான் தயாரித்த அமைப்பு அதுவல்ல. 2019-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், மாதிரி இருக்கும் இடத்தில் புலமே இல்லாத வில்லையைச் செய்துகாட்டிய செய்தியைப் படித்தபோது அந்தப் பட்டைதான் நினைவுக்கு வந்தது.

பழைய தாங்கி:
தம்பி வெண்புள்ளி, வருத்தப்படாதீர்கள், ஆனால் ஒற்றைப் படத்தை வைத்துச் சுழல் திசையைச் சொல்ல முடியாது. தகடு வளைந்திருந்தாலும் கருப்பும் வெளுப்பும் வரும். குறைகுவியம், சரிகுவியம், மிகைகுவியம் என மூன்றும் வேண்டும். காந்த மாறுபாடு சரிகுவியத்தில் மறையும், மறுபக்கம் போனால் நிறம் புரளும். பிறகு காந்த ஒழுங்கு மறையும் 278 கெல்வினுக்கு மேல் சூடாக்கி அதே இடத்தை மறுபடி எடுங்கள். அப்போதும் எஞ்சி நிற்பது காந்தமல்ல, அதைக் கழித்துவிடுங்கள். கழிக்காமல், படங்களிலிருந்து காந்தத் திசையைக் கணிக்கும் செறிவுக் கடத்தல் சமன்பாட்டில் போட்டால், தூசிகூட வண்ணச் சுழியாக வந்து நிற்கும். நானே அப்படி ஒரு தூசியைக் குழுக் கூட்டத்தில் காட்டியிருக்கிறேன். விலக்க அளவையும் திசையையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். தாங்கியைச் செருகியபின் ஒரு மணிநேரமாவது நிலைகொள்ள விடுங்கள். நைட்ரஜன் பாதி தீர்ந்ததுமே மறுபடி நிரப்புங்கள்.

வெண்புள்ளி:
ஐயா, வளைவுக் கோடு பட்டையாக ஓடும். அறுகோண ஒழுங்கில் புள்ளி வைக்காது. இரண்டு பக்கமும் இடைவெளி அதே 70 நானோமீட்டர்தான், அளந்துவிட்டேன். சூடாக்கி எடுக்கவில்லை என்பது மட்டும் உண்மை. அதே படிகத்திலிருந்து புதிய தகடு செதுக்கியிருக்கிறேன், எல்லைக்கோடு அதில் இருக்கிறதா என்று வியாழக்கிழமை தெரியும்.