செயலி அதே பத்து ஆல்பத்தையே போடுகிறது, நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள்?

கும்பகோணத்துக் காது:
மூன்று வருடமாக மெட்டல், புளூஸ், ஸ்பேஸ் ராக் என்று மேற்கத்திய இசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் பாட்டுச் செயலியில் எதைத் தட்டினாலும் செக்குமாடு கணக்காகச் சுற்றி அதே பத்து ஆல்பத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதிகம் பேசப்படாத ஆல்பங்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்? 'சிறந்த 100' பட்டியல் மட்டும் வேண்டாம். தினமும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய்வருகிறேன், நேரம் நிறைய இருக்கிறது.

கடைமடை:
தம்பி, ஆல்பத்தைத் தேடாதே, ஆளைத் தேடு. பாட்டை எழுதியது யார், வாசித்தது யார் என்று போட்டிருப்பான், யாரும் பார்ப்பதில்லை. பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தில் (1970) 'வார்னிங்' என்று பத்து நிமிடத்துக்கு மேல் இழுப்பார்களே, அது அவர்கள் பாட்டே இல்லை, ஏன்ஸ்லி டன்பார் ரிட்டாலியேஷன் என்ற பிரிட்டிஷ் புளூஸ் குழுவுடையது. மெட்டாலிகா என்ற மெட்டல் குழு வாசித்த 'பிரெட்ஃபேன்' வேல்ஸ்காரர்களான பட்ஜி குழுவின் பாட்டு, அவர்களுடைய 1973 ஆல்பத்தில் இருக்கிறது. மூன்றே பேர், சத்தம் முப்பது பேருக்கு. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் முதல் பாடகர் ராட் எவன்ஸ் அங்கிருந்து வந்தபின் பாடிய கேப்டன் பியாண்ட் குழுவின் முதல் ஆல்பத்தை (1972) கேட்டுப் பார், முதல் மூன்று பாட்டும் மடை திறந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று ஓடும்.

வடவாற்றுக்கரை:
புளூஸுக்கு நான் சொல்கிறேன். டெல்டா புளூஸ் என்றதும் நம்ம ஊர் மாதிரிக் கழிமுகம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் பருத்திச் சமவெளி, கடல் எங்கேயோ இருக்கிறது! அதற்குக் கிழக்கே மேட்டுப் பகுதியில் வேறு மாதிரி வாசிப்பார்கள். ஜூனியர் கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்' (1992) கேளுங்கள், முதல் முழு ஆல்பம் வரும்போதே மனிதருக்கு அறுபது தாண்டிவிட்டது. கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாறவே மாறாது, ஒரே இடத்தில் அரைத்துக்கொண்டே இருப்பார். சமையற்கட்டில் ஓடவிட்டேன், கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே "இவன் சுருதியை விட்டு நகரமாட்டேங்கிறானே" என்றாள். விமர்சனம் அவ்வளவுதான்.

திருவையாறு டெசிபல்:
ஆளைப் பின்தொடர்ந்தால் குப்பையும் சேர்ந்தேதான் வரும், அதையும் சொல்லுங்கள் அண்ணே. ஸ்பேஸ் ராக்குக்கு நேராக ஹாக்விண்ட் குழுவின் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' (1973), லைவ் ஆல்பம். பேஸ் கிதார் வாசிப்பது லெம்மி, 1975-ல் வெளியே அனுப்பப்பட்டு அதே வருடம் மோட்டர்ஹெட் குழுவை ஆரம்பித்தாரே, அவரேதான். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், தஞ்சாவூரில் இறங்கின பிறகும் பாக்கி இருக்கும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கொசு ரீங்காரம்தான் மிஞ்சும்.

கும்பகோணத்துக் காது:
ஒரு வாரம் ஆயிற்று, சொல்லிவிடுகிறேன். பட்ஜியில் பாதி கண்டக்டர் விசிலோடு போனது, வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும். ஹாக்விண்ட் எனக்கு ஒத்துவரவில்லை, மன்னிக்கவும் டெசிபல். கிம்ப்ரோ ஓடும்போது பக்கத்து சீட் பெரியவர் ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "டீசல் இன்ஜின் ஓடுற மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு தம்பி" என்று அய்யம்பேட்டை வரை திருப்பித் தரவே இல்லை. கேப்டன் பியாண்ட்தான் எனக்கு ஆளை அடித்தது. அதில் டிரம்ஸ் யாரென்று தேடினால் பாபி கால்ட்வெல், புளூஸ் கிதார்காரர் ஜானி விண்டரின் 1971 லைவ் ஆல்பத்தில் வாசித்தவர். ஆக, மெட்டலில் ஏறி புளூஸில் இறங்கியிருக்கிறேன். நாளைக்கு பஸ்ஸில் அதுதான்.