அலாய், லோயரிங் ஸ்பிரிங் போட்டதும் ஸ்டியரிங் நடுவுக்கு வரல: இபிஎஸ் மோட்டார் போச்சா?

எண்ணூர்_ஹேட்ச்:
சின்ன ஹேட்ச்பேக். இபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்) மோட்டார் ஸ்டியரிங் காலத்துல (ஸ்டியரிங் வீலுக்குக் கீழ இருக்கிற தண்டுப் பகுதி) இருக்கிற வகை. பழைய வீல் 5ஜே (ரிம் அகலம் 5 இன்ச்), ஈடி 45 (ஆஃப்செட், மிமீல; இது குறைஞ்சா வீல் அந்த அளவு வெளியே தள்ளி நிக்கும்), டயர் 165/80 ஆர்14. இப்போ 7ஜே, ஈடி 35 அலாய்ல 195/55 ஆர்16. முன்னாடி மட்டும் வண்டியை 35 மிமீ இறக்குற லோயரிங் ஸ்பிரிங். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி தடத்துல ஏறினா வண்டி தானா இழுக்குது. திருப்பம் முடிஞ்சு கைய தளர்த்தினா ஸ்டியரிங் நடுவுக்கு வரல. பார்க்கிங்ல ஃபுல்லா ஒடிச்சா சில நேரம் இபிஎஸ் லைட் எரியுது. அலைன்மென்ட் பண்ணியாச்சு. ஸ்டியரிங் காலம் அசெம்பிளியே மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

தண்டையார்பேட்டை_டைராட்:
இப்போதைக்கு மாத்தாதீங்க ப்ரோ. டார்க் சென்சார் (ஸ்டியரிங்கைத் திருப்புற விசையை அளக்கிறது) உள்ள இருக்கிற டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) எவ்வளவு முறுகுதோ, அதுக்கேத்த உதவியைத்தான் மோட்டார் தரும். அந்தக் கணக்கு கம்பெனி வீலுக்கும் கம்பெனி உயரத்துக்கும் போட்டது.

ஈடி 10 குறைஞ்சதால ஸ்கிரப் ரேடியஸ் (வீல் திரும்புற அச்சு தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் நடுவுக்கும் உள்ள தூரம்) 10 மிமீ வெளியே நகர்ந்திருக்கு. ரிம்மோட வெளி விளிம்பு 35 மிமீ வெளியே வந்திருக்கும். லாரி தடத்தோட ஓரம் டயரைத் தள்ளும்போது, அந்தத் தள்ளல் முன்னைவிட நீளமான நெம்புகோல்ல ஸ்டியரிங் ராக்குக்குப் (வீல்களைத் திருப்புற பல் சட்டம்) போகுது. இழுப்பு அதனாலதான்.

நடுவுக்கு வராததுக்கு முன்பக்கத்தை மட்டும் இறக்கினதுதான் என் முதல் சந்தேகம். வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் உள்ள தூரம்) 2450 மிமீன்னா காஸ்டர் (வீல் திரும்புற அச்சு பின்பக்கமா சாய்ஞ்சிருக்கிற கோணம்) சுமார் 0.8 டிகிரி குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டுவர்றதுல பெரும்பங்கு காஸ்டருக்கு. ஸ்பிரிங் மாத்தும்போது ஸ்டிரட் மவுன்ட் பேரிங் (ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற, அது திரும்ப உதவுற பேரிங்) கோணலா உட்கார்ந்திருந்தாலும் இதே தொந்தரவு வரும். முன்பக்கம் ரெண்டு வீலையும் ஜாக்குல தூக்கி, ரெண்டு டை ராட் எண்டையும் (ராக்கை வீலோட இணைக்கிற கம்பியோட முனை) கழற்றிட்டு, நக்கிளை (வீல் மாட்டியிருக்கிற, அதோட திரும்புற பாகம்) கையால திருப்புங்க. இறுக்கமா, விட்டு விட்டுத் திரும்பினா கோளாறு பேரிங்ல இருக்கலாம். இபிஎஸ்ஸுக்கு இதுல சம்பந்தமே இல்ல.

அலைன்மென்ட் ஷீட்ல காஸ்டர், கேம்பர் (முன்னாடி நின்னு பார்த்தா வீல் சாய்ஞ்சிருக்கிற கோணம்) ரெண்டையும் பாருங்க. டோ (வீல்களோட முன்பக்கம் உள்ளயோ வெளியேயோ பாக்குற அளவு) மட்டும் போட்டுக் கொடுத்தா அது அரை வேலைதான். ஸ்டியரிங் கோணலா நின்னா டை ராட்ல சரி பண்ணணும். சில கடைல ஸ்டியரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிடுவாங்க. அது ரொம்பத் தப்பு. ஆங்கிள் சென்சார் (ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்கிறது) உள்ள வண்டில இபிஎஸ் வேற எதையோ நடுன்னு நினைச்சு அந்தப் பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் முடிஞ்ச பிறகுதான் ஸ்கேனர்ல அந்த சென்சாரை ஜீரோ செட் பண்ணணும், முன்னாடி இல்ல.

மின்ட்_மல்டிமீட்டர்:
லைட் விஷயம் மட்டும் சொல்றேன். நின்ன இடத்துல அகல டயரை ஒடிக்கிறப்போ மோட்டார் ரொம்ப அதிக கரன்ட் இழுக்கும். காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காத்து, எர்த் போல்ட் (பேட்டரி நெகட்டிவை பாடியோட இணைக்கிறது) சீக்கிரம் பூத்துடும். மீட்டரை 2 வோல்ட் டிசில வெச்சு, ஒரு புரோபை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் இன்னொண்ணை பாடிலயும் வைங்க. இன்ஜின் ஓடும்போது ஒருத்தரை ஸ்டியரிங் ஒடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தைக் கழற்றி எமரி போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவுங்க. அதே நேரம் பேட்டரில 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா பேட்டரி, ஆல்டர்னேட்டர், பெல்ட் பாக்கணும். லைட் எரிஞ்சதும் ஃபால்ட் கோடை (கோளாறு எண்) அழிச்சுடாதீங்க, முதல்ல படிச்சு எழுதி வைங்க.

ஃபுல் லாக்ல அழுத்திப் பிடிச்சுட்டே நிக்கறதும் கூடாது. மோட்டார் சூடானா கன்ட்ரோல் யூனிட் உதவியைக் குறைச்சுடும், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், ஆறினா சரியாகும்.

எண்ணூர்_ஹேட்ச்:
நன்றி. ஸ்பிரிங்கை மட்டும் பழையது போட்டா போதுமா?

தண்டையார்பேட்டை_டைராட்:
பேரிங் நல்லா இருந்தா நடுவுக்கு வர்றது சரியாகும். தடத்துல இழுக்கிறது ஈடி மாறுற வரைக்கும் போகாது. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்கிற தட்டு) பக்கம் போயிடாதீங்க, அது வீலை இன்னும் வெளியே தள்ளும். 6ஜே, ஈடி 45 வீல்ல 185/65 ஆர்15 போடுங்க. விட்டம் 621.5 மிமீ, உங்க பழைய டயர் 619.6. ஸ்பீடோ கணக்கும் கெடாது. வாங்கும்போது வீல் நடுவுல இருக்கிற ஹப் துளையையும் அளந்து பாருங்க. வண்டி ஹப்பைவிடப் பெருசா இருந்தா ஹப் ரிங் (அந்த இடைவெளியை நிரப்புற வளையம்) கேட்டு வாங்குங்க, இல்லன்னா 80 கிலோமீட்டர் வேகத்துல நடுங்கும்.