சைலன்சர் மாற்றிய பிறகு டைனோவில் ஐந்து குதிரைத்திறன் குறைந்திருக்கிறது. எந்தத் தாளை நம்புவது?

போத்தனூர் பயணி (கேள்வி):
வண்டி 2019 மாடல் கே.டி.எம் 390 டியூக், 21,000 கிலோமீட்டர் ஓடியது. கையேட்டில் 43.5 பி.எஸ் என்று இருக்கிறது. மார்ச் மாதம் கோவையில் ஒரு பட்டறை டைனோவில் (பின் சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றியபோது 38.2 எச்.பி வந்தது. பிறகு வேறு சைலன்சரும் துணி ஏர் ஃபில்டரும் போட்டேன். போன வாரம் பெங்களூரு போனபோது அங்கே ஒரு டைனோவில் ஏற்றினால் 33.1! அந்தத் தாளில் டார்க் (முறுக்குவிசை) கட்டம் வேறு காலியாக இருக்கிறது. ஓட்டும்போது முன்பைவிட நன்றாக இழுப்பதுபோலத்தான் தெரிகிறது. காசையும் கொடுத்துக் குதிரைகளையும் தொலைத்துவிட்டேனா?

மூன்றாவது கியர்:
சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோலத்தான் இருக்கும். கழற்றி விற்றுவிடுங்கள்.

பழைய கார்புரேட்டர்:
அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள் தம்பி. முதலில் 43.5 கணக்கை முடித்துவிடலாம். அது பி.எஸ், அதாவது மெட்ரிக் குதிரைத்திறன்; எச்.பி-யில் சொன்னால் 42.9. அதுவும் எஞ்சினுக்குள்ளேயே கிராங்க் தண்டில் அளந்தது. டைனோ அளப்பது பின் சக்கரத்தில். நடுவில் கிளட்ச், கியர்பெட்டி, செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். பைக்கில் அது பொதுவாக 10 முதல் 15 சதவீதம். ஆகவே 37, 38 என்று வந்தால் வண்டி நலமாக இருக்கிறது என்றே பொருள்.

இரண்டு தாள்களின் ஓரத்திலும் பொடி எழுத்தில் எஸ்.ஏ.இ அல்லது எஸ்.டி.டி என்று ஏதாவது காற்றுத் திருத்த முறையின் பெயர் இருக்கிறதா? பக்கத்தில் 1.0 சொச்சம் என்று ஒரு திருத்த எண் இருக்கும். வெப்பநிலை, காற்றழுத்தம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

போத்தனூர் பயணி:
பார்த்தேன் அண்ணா. கோவைத் தாளில் எஸ்.டி.டி, 1.11, 34 டிகிரி. பெங்களூருத் தாளில் 'திருத்தம் இல்லை', 1.00, 26 டிகிரி, 912 மில்லிபார்.

பழைய கார்புரேட்டர்:
திருடன் அகப்பட்டான். 38.2-ஐ 1.11-ஆல் வகுத்துப் பாருங்கள், 34.4 வரும். அன்று உருளை உண்மையில் பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கணினி சேர்த்தது. அது ஏமாற்று வேலை இல்லை. வெயிலில் காற்று மெலியும், மேட்டில் இன்னும் மெலியும். அதனால் எல்லோரையும் ஒரே காற்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் கணக்கு அது. எஸ்.டி.டி என்பது 15.5 டிகிரி, கடல்மட்ட அழுத்தம். அந்தக் காற்று கோவையில் எந்த மாதத்தில் வீசும் என்று என்னைக் கேட்காதீர்கள். எஸ்.ஏ.இ ஜே1349 முறையில் 25 டிகிரி, 990 மில்லிபார். ஒரே ஓட்டத்தையே எஸ்.டி.டி-யில் அச்சடித்தால் எஸ்.ஏ.இ-யைவிட 4 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியும். பட்டறைகளுக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கோவை 400 சொச்சம். 33.1-க்கும் அந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற எஸ்.டி.டி திருத்தத்தைப் போட்டால் ஏறக்குறைய 38 வந்துவிடும். நீங்கள் குதிரையைத் தொலைக்கவில்லை. புதிய சைலன்சர் எதையும் தந்ததாகவும் தெரியவில்லை.

டைனோ ஓரம் நிற்பவன்:
கணக்கு சரி, ஆனால் அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். இயந்திரங்கள் இரண்டும் வேறு. கோவையில் எடை தெரிந்த ஒரு கனமான உருளையை உங்கள் டயர் எவ்வளவு சீக்கிரம் சுழற்றியது என்று பார்த்திருப்பார்கள். பெங்களூருவில் பிரேக் வைத்த வகையாக இருந்தால், உருளையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் விசையை அளந்திருப்பார்கள். பிரேக் வகை பெரும்பாலும் குறைத்தே காட்டும். டார்க் கட்டம் காலியாக இருந்ததற்குக் காரணம் வேறு: எஞ்சினின் ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சிக்னலை எடுக்கவில்லை. உருளையின் வேகத்திலிருந்தே குதிரைத்திறன் கிடைத்துவிடும், டார்க்குக்கு ஆர்.பி.எம் வேண்டும். தாளில் வரைபடத்தின் கீழ்க்கோடு ஆர்.பி.எம்-இல் இல்லாமல் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதானே இருக்கிறது?

நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பின் டயரில் காற்று குறைவாக இருந்தால் எண் இறங்கும். வண்டியைக் கட்டும் பட்டையை இறுக்கி இழுத்தால் டயர் உருளையில் அமுங்கும், அப்போதும் இறங்கும். நான்காவது கியரில் ஓட்டியதை ஐந்தாவதோடு ஒப்பிடக் கூடாது. உருளை வகையில் கியர் இறங்க இறங்க, எஞ்சினின் சொந்தச் சுழல் பாகங்களை வேகமேற்றவே சக்தி கூடுதலாகப் போகும். எண்ணெய் சூடேறாத முதல் ஓட்டத்தை நான் தாளில் சேர்ப்பதே இல்லை. இன்னொன்று: காற்று உணரியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், அறை கொதிக்கிறது என்று நினைத்துக் கணினி அள்ளிக் கொடுக்கும்.

பழைய சைலன்சரையும் ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு கோவைக்கே போங்கள். ஒரே நாள், ஒரே கியர், ஒரே டயர் அழுத்தம், இரண்டு அமைப்புக்கும் மும்மூன்று ஓட்டம். எஸ்.ஏ.இ-யில் அச்சடிக்கச் சொல்லுங்கள். உச்ச எண்ணை விட்டுவிட்டு இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கேளுங்கள்.

போத்தனூர் பயணி (பத்து நாள் கழித்து):
நேற்று போய்வந்தேன். பெங்களூருத் தாளின் கீழ்க்கோடு கிலோமீட்டரில்தான் இருந்தது, நீங்கள் சொன்னபடியே. இப்போது எஸ்.ஏ.இ-யில்: பழைய அமைப்பு 36.9, 37.3, 37.2. புதியது 37.8, 37.5, 37.7. சராசரியாக அரை குதிரை கூடியிருக்கிறது. ஆனால் கோடுகளை மேலே மேலே வைத்தபோது 4,500 முதல் 5,500 ஆர்.பி.எம் வரை புதியதில் ஒரு பள்ளம். டார்க் ஒன்றரை நியூட்டன் மீட்டர் குறைகிறது. நான் ஊருக்குள் ஓட்டுவதே அந்த இடத்தில்தான்.

டைனோ ஓரம் நிற்பவன்:
தாளின் அடியில் காற்று-எரிபொருள் விகிதக் கோடு இருக்கிறதா? முழு ஆக்சிலரேட்டரில் அது 13-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

போத்தனூர் பயணி:
பள்ளம் விழும் இடத்தில் 14.3.

டைனோ ஓரம் நிற்பவன்:
பெட்ரோல் போதவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் மேப்பை (எவ்வளவு பெட்ரோல் என்று வண்டியின் கணினி பார்க்கும் அட்டவணை) திருத்தினால் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால், முதலில் துணி ஃபில்டரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டு ஒரே ஒரு ஓட்டம் விட்டுப் பாருங்கள்.

போத்தனூர் பயணி:
சனிக்கிழமை ஃபில்டரை மாற்றிக்கொண்டு போகிறேன். டயருக்கு 29 பி.எஸ்.ஐ, ஐந்தாவது கியர் என்று தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டேன்.