ராண்டனனை ஆறே வாரத்தில் ஏன் கைமாற்றினார்கள்?

ராயபுரத்தான்: வியாசர்பாடி கால்பந்து பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஐஸ் ஹாக்கி வியாபாரம் புரியவில்லை. 2025 ஜனவரியில் கொலராடோ அணியிலிருந்து கரோலினா அணி வாங்கிய வீரர் மிக்கோ ராண்டனனை, மார்ச் 7, டிரேடுக்கு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கு) கடைசி நாளில், டல்லாஸுக்கு ஏன் கொடுத்தார்கள்? வதந்தி முன்னாடியே ஓடியதே.

பெரம்பூர்_லோகோ: ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது தலைவா, கரோலினாவில் நீட்டிக்க அவர் சம்மதிக்கவில்லை, விட்டால் ஜூலையில் சும்மா கிளம்பிவிடுவார். அதனால் ஸ்டான்கோவன் என்ற வீரரையும், முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) இரண்டையும், கூடவே மூன்றாம் சுற்று இரண்டையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். காசிமேட்டில் வெயில் ஏறினால் மீன் விலை இறங்குமே, அதேதான். டல்லாஸ் உடனே 8 வருட ஒப்பந்தம் போட்டது, வருடத்துக்குச் சராசரி 1.2 கோடி டாலர்!

கொருக்குப்பேட்டை_கோலி: அதே நாளில் பாஸ்டனிலிருந்து ஃபுளோரிடா போன மார்ஷாண்ட் ஜூனில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே தூக்கினார். அதைப் பேசுங்கப்பா.

ராயபுரத்தான்: சரிண்ணே. ஆனா கொலராடோ பாவம், அந்தக் கோப்பைக்கான பிளேஆஃப் முதல் சுற்றில், டல்லாஸோடு மோதிய ஏழாவது, கடைசி ஆட்டத்தில் ராண்டனனே மூன்று கோல் போட்டு அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்.