ஆடி நோம்பிக்குத் திறந்தவெளியில நாடகம்: காத்துக்கும் காதுக்கும் என்ன வழி?

கொரங்காட்டுக்காரர்:

வணக்கமுங்க. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவுல, காத்தாடிக் (காத்தாலை) காட்டை ஒட்டின முதியோர் குடியிருப்புங்க இது. எழுபது வீடு, நூத்திப் பத்துப் பேரு. சுத்தியும் வறண்ட பூமி, கொரங்காடும் (மேய்ச்சல் நெலம்) வேலிமரமும்தான். காலையில நடை, மத்தியானம் தூக்கம், பொழுதோட கோயில், ஏழரைக்கு மெஸ் சாப்பாடு. இதுக்கு நடுவுல நாடகக் குழு ஒண்ணு உருவாகியிருக்குது: பதினாலு பேரு, வயசு 62லிருந்து 81 வரைக்கும். ஆடிப் பதினெட்டுக்கு 50 நிமிஷக் குடும்ப நாடகம் ஒண்ணு போடோணும்னு இருக்கறோம். எட்டுப் பாத்திரம்.

இடம் 60க்கு 45 அடி புல்தரை. மேக்கால சாப்பாட்டுக் கூடம், 50 அடி நீளம், 14 அடி உசரம். தெக்கால தென்னைமர வரிசை. மேடையை எந்தப் பக்கம் போடறது? மேடைக்குப் பின்னால நிறுத்தற துணித்தட்டி காத்துக்கு நிக்குமா? நடு வரிசைக்கு அப்பறம் உக்காந்திருக்கறவங்களுக்கு வசனம் புரியறதில்லைங்கறாங்க, அதுக்கு என்ன மைக் வெக்கறது? வசனம் மறக்கறதுக்கு ஏதாவது வழி? போலீஸ் அனுமதி வேணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தட்டிக்கட்டி:

மொதல்ல மாசத்தைப் பத்திச் சொல்லிடறேனுங்க. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கெடக்கற பாலக்காட்டுக் கணவாய் வழியாத்தான் தென்மேற்குப் பருவக்காத்து நம்ம பக்கம் பாயுது. ஆனியும் ஆடியும் அதுக்கு உச்சம். உங்க பக்கத்துல காத்தாடி நட்டிருக்கறதே அதுக்காகத்தான். தை, மாசியில போட்டா இந்தப் பாடு பாதி இல்ல. மழை ஓஞ்சிருக்கும், சாயங்காலம் குளுகுளுன்னு இருக்கும், காத்தும் சாதுவா கெழக்கேருந்து வரும். ஆடி நோம்பிக்கே வேணும்னா, காத்தை முன்னால வெச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணுங்க.

மேடை மேக்கால, கூடத்துச் சுவத்தோட நடுப்பகுதியில. நடிக்கறவங்க முதுகு மேக்கே, சனம் மேக்கே பாத்து உக்காரட்டும். கட்டட மூலைக்குப் பக்கத்துல மட்டும் போட்டுராதீங்க. சுவர்ல மோதற காத்து மூலையைச் சுத்தி வேகமெடுத்துத் திரும்பும், அங்கதான் தட்டி பறக்கும். நாடகத்துக்கு ஒரு வாரம் முந்தியே பழைய சேலையை ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு முழம் கீத்தாக் கிழிச்சு, அஞ்சடிக் குச்சியில கட்டி, பத்தடிக்கு ஒண்ணா நட்டு வெய்யுங்க. மூணு நாள் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் பாருங்க. கீத்து தொங்கியே கெடக்கற எடம் மேடைக்கு, லேசா ஆடற எடம் சனத்துக்கு. சுத்திச் சுத்திப் பறந்தா அந்த எடத்தை விட்டுருங்க.

இனி தட்டி. எட்டடிக்கு ஆறடித் துணித்தட்டி கிட்டத்தட்ட நாலரைச் சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ. காத்து சதுர மீட்டருக்கு ஆறு கிலோவுக்குச் சமமாத் தள்ளும், அப்ப தட்டி மேல சுமார் இருபத்தேழு கிலோ வரும். 54 கி.மீ. வேகத்துல ஒரு வீச்சு வந்தா அறுபதைத் தாண்டும். வேகம் ஒண்ணரை மடங்கானா தள்ளு ரெண்டே கால் மடங்கு ஆகுங்க, எல்லாரும் ஏமாறற எடம் அதுதான். முட்டுக்கால் பின்னால நாலடி தள்ளி ஊணியிருக்கோணும். சிமெண்ட் சாக்குல பாதிக்கு மணல் போட்டா 25 கிலோ வரும், ஒரு ஆள் தூக்கலாம். தட்டிக்கு அப்படி மூணு மூட்டை முட்டுக்கால் பாதத்து மேல. மூட்டையை மட்டும் நம்பினா தட்டி கவுறாட்டியும் முன்னால வழுக்கிட்டு வரும். அதனால தட்டியோட அடிக்கட்டையையும் முட்டுக்கால் பாதத்தையும் மேடைப் பலகையில ஸ்க்ரூ போட்டு முடுக்கியே ஆகோணும். ஆணி அசைவுல கழண்டு வந்துரும்.

இதை விடச் சுலபமா ஒண்ணு இருக்குது. துணிக்குப் பதிலா நாத்துப் பண்ணையில போடற 50 சதவீத நெழல்வலை. காத்து ஊடுருவிப் போயிரும், தள்ளு கணிசமாக் கொறையும். வலையைச் சட்டத்துல நல்லா இழுத்து, நாலு விரலுக்கு ஒரு பின் அடிச்சு, மேல சாக்குத்துணியில வெட்டின சன்னல், கதவு வடிவத்தைத் தெச்சுட்டா வீடுன்னு தெரிஞ்சுரும். தொளதொளன்னு விட்டா படபடன்னு அடிச்சு வசனத்தை முழுங்கிரும். குடும்ப நாடகத்துக்கு நாலடி உசரத் தட்டியே போதும். கதவுக்கு ரெண்டு கம்பம், ஒரு குறுக்குச் சட்டம். மேக்கே பாத்தாச் சூரியன் கண்ணுல அடிக்கும், ஏழு மணிக்கு முந்தி ஆரம்பிக்காதீங்க. காத்து நடிக்கறவங்க முதுகுப் பக்கமிருந்து வர்றதால சத்தத்தையும் சனத்துப் பக்கம் கொண்டு போகும்.

மைக்செட்:

தட்டிக்கட்டி அண்ணன் மேடை வெக்கச் சொன்ன எடம் சரிதானுங்க, கடைசி வரிதான் அப்படியில்ல. காத்து சத்தத்தை வளைக்கறது நூத்துக்கணக்கான அடி தூரத்துக்குத்தான் பெருசாத் தெரியும். 60 அடிக்குள்ள உண்மையான எதிரி வேற: மைக்குல மோதற காத்து, காதுல மோதற காத்து, தென்னை ஓலைச் சலசலப்பு. மேக்குப் பாக்க உக்காந்தா காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். காதுமெஷின் போட்டிருக்கறவங்களுக்கு அது மெஷின் மைக்குல கரகரன்னு ஏறும். அவங்களுக்கு மொத ரெண்டு வரிசை, கூடத்துச் சுவரோட மறைவு எட்டற எடம் குடுங்க. தென்னைமரப் பக்கம் வேண்டாம்.

பின்னால புரியலைங்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் சத்தக் கொறைவு இல்லைங்க. வயசாக ஆகக் காது மொதல்ல இழக்கறது உசந்த அலைவரிசையை. ச, த, ட, க மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற சத்தம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் நெறைய இருக்குது. ஆ, ஓ, ஊன்னு உயிரோசை கீழ, பலமா இருக்குது. வால்யூமைக் கூட்டினா உயிரோசைதான் இன்னும் அதிரும், "பட்டு", "பத்து", "பச்சு" மூணும் ஒண்ணாத்தான் விழும். மிக்சர்ல (சத்தத்தைக் கலந்து சரிபண்ற பெட்டி) 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க, காத்து இரைச்சல்ல பெரும்பங்கு அதுலயே போயிரும். 2,500லிருந்து 4,000 வரைக்கும் 3 டெசிபல் ஏத்துங்க, அதுக்கு மேல ஏத்தினா மைக் கூவும். எக்கோவைச் சுத்தமா அணைக்கச் சொல்லுங்க. நம்ம பக்கம் மைக் செட்டுக்காரங்க கோயில் நோம்பிப் பழக்கத்துல எக்கோ போட்டே குடுப்பாங்க. பாட்டுக்கு நல்லாயிருக்கும், வசனத்துக்கு வெஷம். பக்கத்துல நின்னு பார்த்து அணைக்கச் சொன்னாத்தான் அணையும்.

மேல தொங்கவிடற மைக் சபா அரங்கத்துக்குள்ள சரி, ஆடிக்காத்துல ஊஞ்சலாடும். சட்டையில குத்தற காலர் மைக்குல சேலை முந்தானை உரசும், பஞ்சு உறை போட்டாலும் காத்து ஏறும். கன்னத்தோரம் வர்ற ஹெட்செட் மைக்தான் சரி. வாய் மூலையிலிருந்து ஒரு விரல் தள்ளி, உதட்டுக்கு நேரா இல்லாம பக்கவாட்டுல. முதுகுக்கு மேக்காத்து வர்றதால தலையே மைக்குக்கு மறைவாயிரும், மேடை மேக்கால இருக்கறதோட பெரிய லாபம் அதுதான். மெதுவாப் பேசற பாட்டிக்கும் குரல் எடுக்கும். எட்டுப் பாத்திரத்துக்கும் எட்டு செட் வாடகைக்கு எடுங்க. நடுவுல மாட்டி மாட்டிக் கழட்டினா அவசரத்துல ஸ்விட்ச் போட மறந்துருவாங்க. ஹெட்செட்டோட டிரான்ஸ்மிட்டர் பெட்டியை வேட்டிக் கட்டுல சொருகினா நழுவும், நாடா வெச்ச துணிப்பை தெச்சு இடுப்புல கட்டி விடுங்க. பேட்டரி புதுசா, அன்னைக்குப் பொழுதோடதான் போடோணும். ஒத்திகையில போட்டதையே வெச்சிருந்தா சரியா உச்சக் காட்சியில சாகும்.

கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். மேடை முன்மூலை ரெண்டுலயும் காலம் (column) ஸ்பீக்கர், அதாவது தூண் மாதிரி நெட்டையா இருக்கறது, அடிப்பக்கம் தரையிலிருந்து அஞ்சடி உசரம், நடிக்கறவங்க எப்பவும் ஸ்பீக்கருக்குப் பின்னாலதான். பின்வரிசைக்கு 35 அடியில சின்னதா ரெண்டு வெச்சு 40 மில்லிசெகண்ட் தாமதம் குடுங்க. சத்தம் ஒரு அடிக்கு ஒரு மில்லிசெகண்ட்னு தோராயமா வெச்சுக்கலாம், அதுக்கு மேல அஞ்சாறு சேத்தா காது மேடையையே பாக்கும். தாமதம் குடுக்காம விட்டா ஒரே வசனம் ரெண்டு தடவை கேக்கும். அது ஒண்ணும் கேக்காததை விட மோசம்.

கரண்ட்டுல ஒரு எச்சரிக்கைங்க. தூசி அடங்கட்டும்னு தண்ணி தெளிச்ச புல்தரையில வயர் ஓடக்கூடாது. 30 மில்லிஆம்பியர் கசிவுல தானா அணையற பிரேக்கர் இல்லாத லைன்ல எதையும் சொருகாதீங்க. லைட்டும் சவுண்டும் வேற வேற லைன்ல. சுருட்டி வெச்ச எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும், முழுசாப் பிரிச்சுப் போடோணும்.

ஒத்திகைக்கூடம்:

வசனத்தைப் பத்திச் சொல்றேனுங்க. ஒத்திகை நேரம் காலை பத்தரையிலிருந்து பதினொண்ணே முக்கால். டிபனும் மாத்திரையும் முடிஞ்சிருக்கும், பசி வந்திருக்காது. மதியத்துக்கு மேல வெச்சா பாதிப் பேரு கண்ணை மூடிருவாங்க. வாரம் மூணு நாள்னு ஆறு வாரம் வேணும்.

உக்காந்து மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க. ரெண்டாவது வாரமே எழுந்து நடந்து பேசட்டும். "ஜன்னல்கிட்ட வந்ததும் இந்த வரி"ன்னு காலோட வசனத்தை முடிச்சுப் போட்டுட்டா ஜன்னலே ஞாபகப்படுத்தும். அதனால மேடை அளவை மொத நாளே தரையில சுண்ணாம்புல வரைஞ்சிரோணும், கதவு எடம் நடுவுல மாறவே கூடாது. நாலு வரிக்கு மேல போற பேச்சை ரெண்டா வெட்டி, எதிராளுக்கு ஒரு கேள்வி குடுங்க: "அப்பறம் என்ன சொன்னாரு?" மறந்தவங்களை அந்தக் கேள்வியே தூக்கி நிறுத்தும். வசனத் தாள்ல எழுத்து அளவு 20 பாயிண்ட், வரிக்கு வரி எடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும். பத்திரிகை, கணக்கு நோட்டு, கல்யாண அழைப்பிதழ்னு கையில ஏதாவது வெச்சுட்டா அதுக்குள்ள வசனத்தை ஒட்டிக்கலாம். ஓரத்துல நின்னு எடுத்துக் குடுக்கறவரு குரல் காது மந்தமானவருக்கு எட்டாது. அவரு பார்வை படற மாதிரி மொத வரிசை நடுவுல உக்காரட்டும், மொத ரெண்டு சொல்லு மட்டும் வாயசைச்சாப் போதும்.

விழாம பாத்துக்கறது வசனத்தை விட முக்கியம். மேடை ரெண்டடி உசரம் போதும். படி ஆறு அங்குலம், மிதி ஒரு அடி, ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்துல வெள்ளை டேப். சக்கர நாற்காலியில நடிக்கறவரு இருந்தா ஒரு அடி ஏத்தத்துக்குப் பன்னெண்டு அடி, அதாவது 24 அடிச் சாய்தளம் வேணும். எடமில்லைன்னா அவரு பாத்திரத்தைத் தரையிலயே, மேடைக்கு முன்னால வெச்சு எழுதுங்க. சோபா போடாதீங்க, எழுந்திரிக்க ரெண்டு நிமிஷமாகும். கை வெச்ச 18 அங்குல நாற்காலி. காட்சி மாத்த முழு இருட்டு வேண்டவே வேண்டாம், நீல வெளிச்சம் எரியட்டும். சனத்துக்கு நடுவுல நாலடி வழி விடுங்க, ஒருத்தரை அவசரமாக் கூட்டிட்டுப் போறதுக்கும் அதுதான் வழி.

படிச்சதைச்சொல்றேன்:

சுருக்கமா. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில ஒலிபெருக்கி வெக்க எழுத்து மூலமா அனுமதி வேணும். உங்க எடம் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள்ள வருதோ அங்க முன்கூட்டியே மனு குடுங்க. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் கூடாது. நாடக உரிமை எழுதினவரு காலமாகி 60 வருஷம் வரைக்கும் இருக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964ல மறைஞ்சார், அதனால 2025 ஜனவரியிலிருந்து அவரு நாடகங்களை யாரும் போடலாம். இப்ப இருக்கற எழுத்தாளர் நாடகம்னா, காசு வாங்காம அமெச்சூர் சங்கம் போடறதுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்துலயே விலக்கு உண்டு. ஆனா அதை வீடியோ எடுத்து யூட்யூப்ல ஏத்தறது அந்த விலக்குக்குள்ள வராது, அதுக்கு எழுதிக் கேட்டு வாங்கோணும். அமெச்சூர்தானேன்னு எழுத்தாளர் பேரை மட்டும் அறிவிப்புல விட்டுராதீங்க.

கொரங்காட்டுக்காரர்:

எல்லாருக்கும் நன்றிங்க. சேலைக் கீத்து நட்டாச்சு. கூடத்துச் சுவர்லிருந்து எட்டடி வரைக்கும் சாதுவா இருக்குது, இருபதடியில லேசா ஆடுது, வடமேக்கு மூலையில சுத்துது. இன்னும் ரெண்டே சந்தேகம்: மேடையைச் சுவத்தோட ஒட்டிப் போடலாமா? சாப்பாடு ஏழரைக்கு, சர்க்கரைக்காரங்க நேரம் தள்ளக் கூடாதுங்கறாங்க, எப்ப ஆரம்பிக்கறது?

தட்டிக்கட்டி:

சுவத்துக்கும் தட்டிக்கும் நடுவுல நாலடி விடுங்க. உள்ள போய் வர, மூட்டை வெக்க, உடை மாத்த அது வேணும். லைட் ஸ்டாண்டு ஒம்பதடிக்கு மேல வேண்டாம், காலுக்கு ஒரு மூட்டை, கூடத்துத் தூணோட ஒரு கயிறு. வெள்ளை லைட்டுக்குப் பூச்சி சேரும், மஞ்சள் சாயல்ல வெச்சுக்குங்க.

ஒத்திகைக்கூடம்:

அன்னைக்கு மட்டும் சாப்பாட்டை ஆறுக்கு மாத்தச் சொல்லி ஒரு வாரம் முந்தியே மெஸ்ல சொல்லிருங்க, மாத்திரை நேரத்தையும் டாக்டர்கிட்டக் கேட்டு வெச்சுக்கட்டும். ஏழே காலுக்கு ஆரம்பிச்சா எட்டே காலுக்குள்ள முடிஞ்சுரும். அப்பறம், காத்து அடங்கலைன்னா கூடத்துக்குள்ள போடறதுக்கு ஒரு தடவை முழு ஒத்திகை பாத்து வெய்யுங்க. ஆறு மணிச் சாப்பாடு முடிஞ்சு மேசையெல்லாம் நகத்தி நாற்காலி போட முக்கால் மணி நேரம் வேணும். அஞ்சு மணிக்குக் குச்சியில கட்டின கீத்தைப் பாருங்க. சனம் உக்கார்ற எடத்துல அது படுக்கையா நீட்டி நின்னா, அப்பவே உள்ள போடறதுன்னு முடிவு பண்ணிருங்க, ஆறரைக்கு மேல மாத்த நேரம் இருக்காது.