“இப்போ எவ்வளவு வாங்குறீங்க?” கூலிம் பக்கம் வேலை மாறுகிறவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமுக்குப் பக்கத்துப் பாடாங் செராயில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் நம் குழுவில் நேற்று கேட்டிருந்தார். கூலிம் ஹைடெக் பார்க்கில் வேறொரு தொழிற்சாலையில் நேர்காணல். விண்ணப்பப் படிவத்தில் “தற்போதைய சம்பளம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது? கீழே ஆளுக்கொரு யோசனை. ஒருவர் காலியாக விடச் சொல்கிறார், ஒருவர் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கூட்டி எழுதச் சொல்கிறார், இன்னொருவர் “மறைக்க என்ன இருக்கு?” என்கிறார். நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பி மூன்று வருடம் அதற்கு வட்டி கட்டியவள் நான்.

2016-இல் கோயம்புத்தூரில் மாதம் 52,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து ஃபோன் வந்தது. இரண்டாவது கேள்வியே சம்பளம்தான். பெருமையாகச் சொன்னேன். அப்போது ஒரு வெள்ளி கிட்டத்தட்ட 16 ரூபாய். ஆள் எடுக்கும் அந்தம்மா மறுமுனையில் கணக்குப் போட்டிருப்பார்: 3,250 வெள்ளி. அதன்மேல் முப்பது சதவீதம் போட்டு 4,200 தருவதாகச் சொன்னார். நான் மறுபடி 16-ஆல் பெருக்கினேன். 67,000 ரூபாய்! வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து கேன்டீனில் பேச்சுவாக்கில் தெரிந்தது: அதே வேலை, அதே அனுபவம், என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஈப்போக்காரருக்கு 5,600. அவர்மேல் கோபமே வரவில்லை. எனக்குக் கிடைத்தது என் வேலைக்கான சம்பளம் இல்லை, கோயம்புத்தூர் சம்பளத்தின் மேல் போட்ட வட்டி என்று அப்போதுதான் உறைத்தது. வருடாந்தர உயர்வு இரண்டு பேருக்கும் ஐந்து சதவீதம்தான். ஆனால் அவருக்கு 280 வெள்ளி ஏறும்போது எனக்கு 210. இடைவெளி தானாக மூடாது, வருடா வருடம் விரியும்.

நாங்கள் குடியிருந்த வரிசையில் ஓய்வுபெற்ற ரப்பர் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஒருவர் இருந்தார். இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தார். “பால் வெட்ட ஆள் வேற தோட்டத்துலேர்ந்து வந்தா, அங்க என்ன கூலின்னு எந்த மண்டோரும் கேட்க மாட்டான்மா. எத்தனை மரம் வெட்டுவே, பட்டையில காயம் படாம வெட்டுவியா, அவ்வளவுதான்.” கூலி என்பது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு பேசி எழுதிய கணக்கு. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும் எல்லாருக்கும் அது தெரியும், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். அந்தக் கூலி வயிற்றுக்குப் போதாமல் இருந்ததும், அதற்காக எத்தனை வேலைநிறுத்தம் நடந்தது என்பதும் வேறு கதை. ஆனால் ரகசியம் இல்லை. இன்று அந்தக் கித்தா (ரப்பர்) காட்டில் பாதி செம்பனையாகிவிட்டது, மீதி வீடமைப்பாகிவிட்டது. அங்கே குடியிருந்துகொண்டு இருபது நிமிடம் காடி ஓட்டி வேலைக்குப் போகிற நமக்கு, பக்கத்து மேசைக்காரர் சம்பளம் தெரியாது. தெரியாத இடத்தில் நாம் முதலில் ஒரு எண்ணைச் சொன்னால், பேரம் அந்த எண்ணைச் சுற்றியேதான் ஓடும்.

சரி, தம்பியின் கட்டத்துக்கு வருகிறேன்.

முதல் சுற்றில் சொல்ல வேண்டாம். படிவம் தாளில் இருந்தால் “பேசித் தீர்மானிக்கலாம்” என்று எழுதுங்கள். “எதிர்பார்க்கும் சம்பளம்” என்ற அடுத்த கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். அங்கே நீங்கள் விசாரித்து வைத்த எண் இருக்க வேண்டும். ஃபோனில் கேட்டால் முறைப்பாக மறுக்கத் தேவையில்லை. “என் இப்போதைய சம்பளம் வேறு பொறுப்புக்கு ஒத்துக்கொண்டது. இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது மாதம் இவ்வளவு. உங்கள் பட்ஜெட்டுக்குள் வருமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஒவ்வொரு பதவிக்கும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று அவர்கள் கையில் ஒரு வரம்பு இருக்கும். பாதிப் பேர் அந்த வரம்பைச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் உங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இணையப் படிவத்தில் எண் போடாமல் நகராது என்றால் சிலர் 1 என்றோ 0 என்றோ போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, விளையாட்டுத்தனமாகத் தெரியும். அங்கே உண்மையான எண்ணைப் போட்டுவிட்டு, நேரில் பேசும்போது எதிர்பார்ப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டால்? அப்போது சொல்லிவிடலாம். சண்டைக்கு நிற்க இது இடமில்லை. மலேசியாவில் அவர்கள் கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லை, நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்றும் சட்டம் இல்லை. எண் வெளியே வரும்போது கூடவே அதன் காரணமும் வரட்டும்: “அது சென்னை சம்பளம், அங்கத்து வாடகைக்கும் விலைவாசிக்கும் போட்டது” என்று.

கூட்டி எழுதச் சொன்னவருக்கு: வேண்டவே வேண்டாம். இங்கே மாட்டிக்கொள்ள வழி நிறைய. மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பது சாதாரணம். முதலாளி தரும் வருடாந்தர வருமானச் சான்றான இஏ பாரம் கேட்பார்கள், அதில் போன வருடம் வாங்கிய மொத்தமும் இருக்கும். இதெல்லாம் தப்பித்தாலும் டிபி3 பாரம் இருக்கிறது. வருடத்தின் நடுவில் வேலை மாறினால், மாதாந்தர வரிப் பிடித்தத்தைச் சரியாகக் கணக்கிட, அதே வருடம் பழைய முதலாளியிடம் வாங்கிய சம்பளத்தையும் கட்டிய பிசிபியையும் (அந்த மாதாந்தர வரிப் பிடித்தம்தான்) அதில் எழுதிப் புது நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். அதாவது உங்கள் பொய்யை வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்கள் கையாலேயே எழுதித் திருத்துவீர்கள். உள்ளூர்க்காரருக்கு அதிகம் போனால் வேலை போகும். வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு வேலையோடு பாஸும் (இங்கே வேலை செய்யும் அனுமதி) போகும். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றில்லை. முதலாவது பேரம், இரண்டாவது மோசடி.

இந்தியாவிலிருந்து நேரே வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு சிடிசி, அதாவது நிறுவனம் ஓர் ஆளுக்காகச் செய்யும் மொத்தச் செலவைச் சம்பளமாகச் சொல்வது. “வருடம் 12 லட்சம்” என்று சொல்லிவிட்டு அதைப் பன்னிரண்டால் வகுத்து வெள்ளியாக்குவார்கள். அந்த 12 லட்சத்துக்குள் நிறுவனம் கட்டும் பிஎஃப் இருக்கிறது (அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்), கிராஜுவிட்டி இருக்கிறது (4.81 சதவீதம்), காப்பீடு, போனஸ் எல்லாம் உள்ளே. மலேசியாவில் சம்பளம் என்று பேசுவது மாத எண், பெரும்பாலும் அடிப்படை. முதலாளி கட்டும் இபிஎஃப் (இங்கத்துச் சேமநிதி) அதற்கு மேலே தனி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அந்த இபிஎஃபில் நமக்கென்று ஒரு பேரப் பொருள் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மலேசியக் குடிமகனுக்கு முதலாளி 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2025 அக்டோபரிலிருந்துதான் கட்டாயமானது, அதுவும் முதலாளி 2, நாம் 2. ஆக 6,000 வெள்ளிக்கு உள்ளூர்க்காரரை எடுத்தால் நிறுவனத்துக்கு இன்னொரு 720 வெள்ளி செலவு, நம்மை எடுத்தால் 120. பாஸுக்கான செலவு அவர்களுக்கு உண்டு, உண்மைதான். ஆனாலும் “உனக்கு இதற்கு மேல் தர முடியாது” என்று சொல்லும்போது இந்த 600 வெள்ளியை மெதுவாக நினைவுபடுத்தலாம். நான் இரண்டாவது வேலைக்குப் பேசும்போது இப்படி ஒன்றை எடுத்துப் போட்டேன். அப்போது வெளிநாட்டவருக்குப் பங்கு கட்டாயமே இல்லை. ஹெச்ஆர் ஒரு நிமிடம் பேசவில்லை. மறுநாள் 400 வெள்ளி ஏறியது.

எதிர்பார்க்கும் எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் வருடா வருடம் வெளியிடும் சம்பள வழிகாட்டிகள் ஒன்று. ஆனால் அவை பெரும்பாலும் கோலாலம்பூர் கணக்கு. கூலிமுக்கு அளவுகோல் பினாங்கு, அதிலும் அந்தத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ். அங்கே 1972-லிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள், இங்கே ஹைடெக் பார்க் 1996-இல்தான் வந்தது. ஆட்கள் பாலம் தாண்டி இரண்டு பக்கமும் வேலை மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் இரண்டு இடத்துச் சம்பளத்தையும் அறிந்தவர்கள் நம் வட்டத்திலேயே இருப்பார்கள். “உங்கள் சம்பளம் என்ன?” என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். “அஞ்சு வருட அனுபவத்துக்கு 7,000 கேட்டால் சிரிப்பார்களா?” என்று கேட்டுப் பாருங்கள், ரொட்டி சானாய் ஆறுவதற்குள் முழு விவரமும் வந்துவிடும்.

அமெரிக்காவில் கேட்பதே குற்றமாமே என்று எழுதியவருக்கு: நாடு முழுவதும் இல்லை, சில மாநிலங்களில். மாசசூசெட்ஸ் 2016-இல் சட்டம் இயற்றியது, கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவிலும் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. அதை நாடுகள் தம் சட்டமாக்கக் கொடுத்த கெடு 2026 ஜூன் 7. இதற்கெல்லாம் பின்னால் இருப்பது பெரும்பாலும் பெண்களின் கதை. கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஐலீன் ரிசோ என்ற கணித ஆலோசகருக்குப் பழைய சம்பளத்தோடு ஐந்து சதவீதம் கூட்டித்தான் சம்பளம் போட்டார்கள். 2012-இல் மதியச் சாப்பாட்டின்போது, புதிதாகச் சேர்ந்த ஆண் ஊழியருக்குத் தன்னைவிட அதிகம் என்று தெரிந்துகொண்டார். வழக்கு நீண்டு, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய சம்பளத்தைக் காரணம் காட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சம்பளம் கொடுக்க முடியாது என்றது. படித்தபோது எனக்கு என் கேன்டீன் ஞாபகம் வந்தது.

பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கணவரோடு இங்கே வந்து மறுபடி வேலை தேடும் தங்கச்சிகள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்று வருடப் பழைய எண். அதை யார் கேட்டாலும் “அது பழைய கணக்கு, இப்போது பொருந்தாது” என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை.

நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வருகிறீர்கள், அல்லது இப்போதே நல்ல சம்பளம், அதற்குக் கீழே இறங்க மனமில்லை. அப்போது முதல் ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு சுற்று நேர்காணலுக்குப் பிறகு 5,000தான் என்று அவர்கள் சொல்ல, இரண்டு பக்கமும் முகம் சுளிப்பதைவிட அது மேல். ஏஜென்ட் மூலம் போனால், அவர் கமிஷன் பெரும்பாலும் உங்கள் சம்பளத்தை ஒட்டியே இருக்கும், அதனால் எண்ணை இறக்க அவருக்கு ஆசை இருக்காது. ஆனால் சீக்கிரம் முடித்துவிடும் ஆசை இருக்கும். அவரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னது மாதிரி என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பாஸ் விஷயம் சுருக்கமாக. வேலை பாஸின் வகையே சம்பளத்தை வைத்துத்தான், குடும்பத்தை அழைத்து வருவதும் அதைப் பொறுத்தது. வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே நண்பர் சொன்ன பழைய எண்ணை நம்பாமல் குடிநுழைவுத் துறையின் இஎஸ்டி (வெளிநாட்டு ஊழியர் சேவைப் பிரிவு) தளத்தில் அன்றைய தேதிக்குப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். “பாஸுக்காக ஒப்பந்தத்தில் கூடுதலாகக் காட்டுகிறோம், கையில் குறைத்துத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, பேசி முடிந்து ஆஃபர் கடிதம் வரும்போது மொத்தத்தைப் பார்த்து மயங்காமல் பிரித்துப் படியுங்கள். ஷிப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் எல்லாம் ஷிப்ட் மாறினால், மருத்துவ விடுப்பு எடுத்தால் குறையும். போனஸ் கணக்கு வழக்கமாக அடிப்படையின் மேல்தான். விடுமுறையையும் பேசலாம். முதல் இரண்டு வருடத்துக்குச் சட்டம் சொல்வது குறைந்தபட்சம் 8 நாள், ஊருக்குப் போய்வர அது எந்த மூலைக்கு? 2016-இல் எனக்கு வந்த கடிதத்தில் 4,200 என்ற ஒரே எண்தான் இருந்தது. அதில் 3,600 மட்டுமே அடிப்படை என்று முதல் போனஸ் வந்த அன்றுதான் எனக்குத் தெரியும்.